சீதன லொறியின் நீலப் புகை

புகையைப் பார்த்து நோய் சொல்லும் தொழில் எங்களுடையது. கறுப்பென்றால் டீசல் கூடிவிட்டது, வெள்ளையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது, நீலமென்றால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. இவ்வளவும் சைலன்சருக்குப் பின்னால் குந்தியிருந்து இருமி இருமிப் படித்த படிப்பு. கராஜ் வைத்து நொந்தவர்களே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எழுபதுகளில், உதிரிப்பாகங்கள் கப்பலில் வருவது அருகிப்போன காலத்தில், அச்சுவேலிப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருந்தது. அங்கே வந்த ஒரு லொறியின் கதை இது.

பனி

தொண்டைமானாற்றுச் செல்லத்துரை அண்ணை டிரைவர் ஒருவரை வைத்துக் கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறவர். அவருடைய பழைய லொறி என் வாசலுக்கு வந்தபோது பின்னால் வந்த சைக்கிள்காரரைக் காணவில்லை. அப்படி ஒரு நீலப் புகை. மகளுக்குக் கலியாணம் பேசி, அந்த லொறியைத்தான் சீதனமாகக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் வெள்ளிக்கிழமை லொறி பார்க்க வருகிறார். இந்தப் புகையைக் கண்டால் சம்பந்தம் முறிந்தாலும் முறியும்.

மனுசனுக்கு உள்ளே அந்தப் பயம். வெளியே ஒப்புக்கொள்ள ரோசம் விடவில்லை. "அண்ணை, ஒயில் எரியுது" என்றேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் சைலன்சர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உது புகை இல்லைத் தம்பி, காலமைப் பனி."

மலை

நீலப் புகைக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வுப் பக்கத்தால் ஒயில் ஒழுகும். றிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். புது றிங் கேட்டால் எந்தக் கடையிலும் கையை விரிப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை.

என்னிடமிருந்த ஆங்கிலப் புத்தகம் ஒரு சோதனை சொன்னது. நீளமான மலையொன்றில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கு, அடிவாரத்தில் மிதி, குப்பென்று நீலம் வந்தால் வால்வு. இதை என்னோடு வேலை செய்த மணியண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "உதை எழுதினவன் யாழ்ப்பாணம் கண்டிருக்கமாட்டான். இஞ்சை உயரமெண்டு இருக்கிறது கோயில் கோபுரம்தான். லொறியை அதிலை ஏத்துவமே?"

இருமல்

மலை இல்லாத குறைக்கு, தட்டை றோட்டில் வேகமாக ஓட்டி, காலை எடுத்து, மறுபடி மிதித்துப் பார்த்தோம். குப்பென்று ஒன்றும் வரவில்லை. புகை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அப்போ றிங்தானோ? கராஜுக்கு வந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் விடுகிற மூடியைத் திறந்து கையை மேலே பிடித்தேன். றிங் போயிருந்தால் அந்த வாயால் புஸ் புஸ்ஸென்று ஆவி அடிக்கும். அடிக்கவில்லை.

வால்வும் இல்லை, றிங்கும் இல்லை என்றால் ஒயில் எந்தப் பக்கத்தால் போகிறது? செல்லத்துரை அண்ணை என் முகத்தைப் பார்க்க, நான் மணியண்ணையின் முகத்தைப் பார்த்தேன். "நோய் வருத்தமில்லாதவன் இருமுறானெண்டால், பக்கத்திலை ஆரோ சுருட்டு ஊதுறான். காத்துப் போற வழியைப் பார்" என்றார் சுருட்டு ஊதியபடி.

விருந்து

காற்று வடிக்கும் குடுவையைக் கழற்றினேன். அந்தக் காலத்து லொறிகளில் அதன் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் ஒயில் விட்டால், உள்ளே போகும் காற்றின் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். இங்கே கோடே ஒயிலுக்குள் மூழ்கிக் கிடந்தது. எஞ்சின் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒயிலையும் சேர்த்து இழுத்து எரித்திருக்கிறது.

விசாரித்தால், கலியாணப் பேச்சு முற்றான நாளிலிருந்து செல்லத்துரை அண்ணை டிரைவரை நம்பாமல், காலமை எழும்பித் தானே கிண்ணத்தின் விளிம்பு முட்ட ஒயில் விட்டிருக்கிறார். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே. விருந்தாளி இரண்டு கையாலும் இலையை மறித்தாலும் இன்னும் ஒரு அகப்பை சோறு விழும். "அண்ணை, கோடு போட்டிருக்கெல்லே?" என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்க வந்த எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. "கோட்டைக் கண்டனான் தம்பி. சம்பந்தி வீட்டை போற லொறியை அரை வயித்தோடை அனுப்பலாமே?"

சம்பந்தி

கிண்ணத்தைக் கழுவிக் கோட்டளவுக்கு ஒயில் விட்டு, மிச்சப் புகை ஓயும்வரை ஓடவிட்டோம். வெள்ளிக்கிழமை சம்பந்தி வந்தார். வல்வெட்டித்துறைக்காரர், பாய்க்கப்பலில் தண்டையலாக, கப்பலை நடத்தும் தலைவராக இருந்து பல துறைமுகம் கண்டவர். எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். சைலன்சரில் ஒரு நூல் புகை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சம்பந்தி பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. திரும்பவும் பார்த்தார். செல்லத்துரை அண்ணை சன்னிதி முருகன் பேரை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். சம்பந்தி நிமிர்ந்து, லொறியின் பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். "துறைமுகத்திலை நிக்கிற கப்பலெல்லாம் எப்பிடிப் புகை கக்கும். உது பாவம், பட்டினி கிடக்குது போலை. பறவாயில்லை, எங்களுக்குச் சம்மதம். வீட்டை வரட்டும், நான் வயிறு நிறைய ஒயில் குடுக்கிறன்."

கலியாணம் குறித்த நாளில் நடந்தது, அடுத்த மாதமே அந்த லொறி நீலப் புகையோடு என் வாசலில் வந்து நின்றது, எங்கள் ஊர் உபசரிப்பு இருக்கும்வரை என் கராஜ் படுக்காது என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன்.