தோல் சுரண்டிய நன்னாரி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மூலிகைகளைச் சோதித்துச் சொல்லும் சிறிய ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் மருந்துக் கம்பெனிக்காரர்கள். ஒருநாள் பருத்திப்பட்டிலிருந்து ஓர் அக்கா, கட்டைப்பையில் இரண்டு கட்டு நன்னாரி வேரோடு வந்து நின்றார். ஒன்று, வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி அவரே வளர்த்தது. மற்றது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய காட்டு வேர்.

"சர்பத் போடறவரு, தோட்டத்து வேர்ல ஒண்ணுமே இல்லன்னு திருப்பிட்டாரு மேடம். மெய்யான்னு எனக்குத் தெரியணும்."

இரண்டையும் ஒரே எடையில் பொடித்து, சாறு பிரித்துக் கருவியில் செலுத்தினேன். வேரிலுள்ள ஒவ்வொரு பொருளும் திரையில் ஒரு முகடாக எழும். மணம் தரும் பொருளின் முகடு காட்டு வேரில் ஓங்கி நின்றது. அவருடையதில் அதில் பாதிகூட இல்லை.

சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. மிச்சமிருந்த வேர்களை மேசையில் பரப்பி, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார்.

"இந்தக் காட்டு வேரு தோலோட கீது மேடம். என்னுத நான் பளிச்சுனு இருக்கட்டும்னு சுரண்டிகினு வந்துட்டேன். வாசன தோல்லதானே கீது?"

எனக்குச் சுருக்கென்றது. மணம் பெரும்பாலும் பட்டையில்தான் என்று படித்தவள் நான். அவர் வேர் வெளுத்திருந்ததைப் பார்த்தும் கேட்கத் தோன்றவில்லை.

"தப்பு எனக்குந்தான் அக்கா. தோலோட கொண்டாங்க, மறுபடி பாக்கலாம்."

அடுத்த வாரம் வந்தார். யாரும் சொல்லாமலே, காட்டு வேரின் பருமனுக்குப் பொறுக்கி நிழலில் உலர்த்தியிருந்தார். இம்முறை மணத்தின் முகடு ஏறக்குறைய அதே உயரம். ஆனால் காட்டு வேரிலிருந்த இரண்டு சிறு முகடுகள் அவருடையதில் இருந்தும் இல்லாமலும் தெரிந்தன.

"அது இன்னாது?"

"தெரியல அக்கா. ஒப்பிட்டுப் பாக்க அந்தப் பொருளோட சுத்தமான மாதிரி எங்ககிட்ட இல்ல."

"அப்ப கம்மின்னே எழுதிடுங்க. கீறது கீது, இல்லாதது இல்ல."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த சர்பத்காரர் வேரை எடுத்துக்கொண்டார். அக்காவோ அதோடு விடவில்லை. போன மாதம் போனில் பேசினார்.

"காட்டுல யாரு தண்ணி ஊத்துறா? ஒரு பாத்திக்கு மட்டும் கொறச்சிகினு வரேன். பக்கத்துப் பாத்திக்கு எப்பவும் போல. ரெண்டையும் கொண்டாரேன், அந்தச் சின்னது ரெண்டும் எழும்புதான்னு பாருங்க."

எத்தனையோ ஆராய்ச்சித் திட்டங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒன்றைக் கேட்டதில்லை. "கொண்டாங்க அக்கா" என்றேன்.