பம்புக்காரனும் லயத்துக் குழாயும்

பம்பு ஓடுகிறவரை பம்புக்காரன் என்று ஒருவன் இருப்பதே தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் அவன் பாட்டன் பேர்வரை விசாரிப்பார்கள். இதை வாசிக்கிறவர்களில் யாராவது தண்ணீர்க் குழாயோடும் தோல் வாசரோடும் மல்லுக்கட்டியிருந்தால், நான் கதை விடவில்லை என்பது அவர்களுக்கு விளங்கும்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடம் பம்புக்காரனாக இருந்தேன். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த துண்டுப் பிரசுரங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கூட்டம் போட்டதற்காக அதற்கு முன்பே இரண்டு தோட்டங்களில் வேலையை நீக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு மேடையேறுகிற தலைவர்களில் சிலர், அன்று நான் பேசும்போது கடைசி வரிசையில் நின்று பீடி குடித்தவர்கள். அது கிடக்கட்டும். பம்புக்கு வருவோம்.

மனுவுக்கு வந்த பதில்

எங்கள் பம்புக்கு எஞ்சின் கிடையாது. ஓடைத் தண்ணீர் சரிவுக் குழாயில் வேகமாக இறங்கிவந்து ஒரு மூடியை அடித்துச் சாத்தும். அந்த அடியின் பலத்திலேயே கொஞ்சம் தண்ணீர் மலையேறித் தோட்டத் துரையின் பங்களாத் தொட்டிக்குப் போகும். ராத்திரி பகல் இல்லாமல் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிச் சனங்களுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பெண்கள் விடிவதற்குள் பள்ளத்து ஓடையில் இறங்கி, குடத்தோடு பாசிக்கல்லில் ஏறி, அதன் பிறகு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடவேண்டும். கொழுந்தெடுக்கிற முத்தாயி அப்படி வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு கோணலாகவே கூடிப்போனது.

நான் மூன்று மனு எழுதினேன். மூன்றாவதுக்குத் துரை மசிந்தார். பங்களாத் தொட்டியிலிருந்து லயத்துக்கு ஒரு குழாய் இறங்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் இறங்கியது. தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துரைக்குக் குளிக்கத் தண்ணி இல்லாத அன்னிக்கு, லயத்துக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. குழாயப் புடுங்கிடுவோம். மனு எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு இது விளங்கும்தானே?"

ஆயுத பூசை

குழாய் வந்த வருடம் ஆயுத பூசைக்கு, லயத்துப் பெண்கள் சந்தனமும் குங்குமமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு பம்புக் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். நான் விடுவேனா? இது வார்ப்பிரும்பு, இதற்குப் பூசை செய்வது மூடத்தனம் என்று, பையில் இருந்த பிரசுரத்தை விரித்து அரைமணி நேரம் படித்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தை மட்டும் யாரும் கீழே வைக்கவில்லை.

கடைசியில் நானே விரலை முக்கி, பூசைக்காக நிறுத்தியிருந்த பம்பின் முகத்தில் நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் ஒரு பெரிய பொட்டாக அப்பினேன். அப்படிச் செய்யவைத்தது முத்தாயி சொன்ன ஒரு வார்த்தை: "சாமி இருக்கோ இல்லையோ, அத விடுங்க அண்ணே. நமக்குன்னு ராவும் பகலும் ஒழைக்கிற வேற ஒண்ணு இந்தத் தோட்டத்துல இருக்குங்களா?"

குதிரைத் தோல்

மறுநாள் சாயங்காலமே சத்தம் மாறிவிட்டது. டக் போய் டங் என்று கேட்டது. கொல்லன் பட்டறைபோலக் குழாய் முழுக்க அதிர்ந்தது. மலைக்கு ஏறுகிற தண்ணீர் நூலாகிவிட்டது. அதற்கடுத்த நாள் துரை அரைத் தொட்டியில் குளித்தார். பெரிய கிளாக்கர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். லயத்துப் பெண்கள் குழாயைத் திறந்துபோட்டு ஊர்க்கதை பேசுகிறார்களாம், அதனால்தான் தொட்டி காலியாம். சனிக்கிழமை குழாயைப் புடுங்க ஆள் வரும் என்றார். அன்று புதன்கிழமை.

ஓடையில் இறங்கிச் சல்லடையைக் கழற்றினேன். ஒரு கூடை இலையும், கோபக்கார நண்டு ஒன்றும் இருந்தன. கழுவி மாட்டினேன். டங். குழாய் மூட்டெல்லாம் சணலும் செவ்வீயப் பூச்சும் வைத்து இறுக்கினேன். டங். மூடியின் தோல்தான் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, பதுளைக்கு நடந்துபோய், இரும்புச் சாமான் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் தோல் வாங்கிவந்து வெட்டிப் போட்டேன். அதற்கும் டங்தான். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் கடைக்குப் போய், உங்கள் தோலால் ஒரு லயமே தாகத்தில் சாகப்போகிறது என்று சத்தம் போட்டேன். நானா என்னை உட்காரவைத்து, ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "தம்பி, அது குதிரைச் சேணத்துத் தோலு. துரைமாரு ஏறி மிதிச்சதுக்கே அது கத்தல. உங்க பம்பு கத்துதுன்னா கோளாறு வேற எங்கயோ."

நானே மூடிய குழாய்

நானா சொன்னதை யோசித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். பம்பின் கோளாறை அப்புறம் பார்ப்போம். முதலில் லயத்தின் மேல் விழுந்த பழியைச் சோதித்துப் பார்த்தால் என்ன? லயத்துக் குழாயை மூடிவிட்டு, அப்படியும் பங்களாத் தொட்டி நிரம்பாவிட்டால், பெண்கள்மேல் குற்றம் இல்லை என்றாகிவிடும். பெரிய கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவர் கண்ணெதிரே குழாயைப் பூட்டி, சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

குடத்தோடு நின்ற பெண்களிடம் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். யாரும் நிற்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து நடந்தார்கள். முத்தாயி மட்டும் குடத்தைக் கோணல் கையிலிருந்து நல்ல கைக்கு மாற்றிக்கொண்டு, எனக்குக் கேட்கிறமாதிரிப் பக்கத்தில் போனவளிடம் சொன்னாள்: "தொறக்க மூணு மனு எழுதுனாரு. மூட மட்டும் மனுவே தேவைப்படல பாத்தியா."

காய்ந்த முழங்கால்

சனிக்கிழமை காலையில் பெரிய கிளாக்கர் தொட்டியில் கோல் விட்டுப் பார்த்தார். நான்கு விரல் தண்ணீர்கூட இல்லை. லயத்தின் பழி போயிற்று; பம்பின் பழி போகவில்லை. கொட்டகையில் போய் உட்கார்ந்து, பம்பையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று வழக்கமாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: என் வலது முழங்கால் காய்ந்திருந்தது.

பம்புக்கார நண்பர்களே, அந்த இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் நனையாமல் இருக்கவே இருக்காது. பம்பின் முகத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு துளித் தண்ணீரைத் துப்பி, ஒரு மிடறு காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றுதான் மேலே இருக்கிற இரும்புக் குடத்தில் சேர்ந்து, அடியைத் தாங்கித் தண்ணீரை மெத்தென்று மேலே தள்ளும். காற்று போகாவிட்டால் குடத்தில் தண்ணீர் நிரம்பி, இரும்பும் தண்ணீரும் நேருக்கு நேர் மோதும். அந்த ஓட்டைக்குமேலே, கல்லாகக் காய்ந்து, என் பெருவிரல் ரேகையோடு இருந்தது பொட்டு.

பிரசுரங்களைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். குடத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். முழங்காலில் சில்லென்று தெறித்தது. நிமிர்ந்தால் வாசலில் துரையும் கிளாக்கரும். தோல் தேய்ந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குழாயைப் பற்றிப் பேசும்போது என் பேச்சில் ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னேன். கிளாக்கர் சாவியைக் காட்டி, லயத்துக் குழாய் பூட்டித்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அவரை அதுவரை நல்லவராக நான் பார்த்ததில்லை. துரை பம்பையும் என் கையிலிருந்த பிரசுரங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தன் தமிழில் சொன்னார்: "லயத்து கொழாய் இருக்கட்டும். நீ சாமி இல்லேன்னு கூட்டம் போடு, நான் கேக்க மாட்டேன். பொட்டு மட்டும் வைக்காதே."

குழாயடியில்

மத்தியானம் சாவியை வாங்கிக்கொண்டு நானே போய்க் குழாயைத் திறந்தேன். விஷயம் எனக்கு முன்பே லயத்துக்கு வந்துவிட்டிருந்தது. சிரிக்கக்கூடாது என்று எல்லோரும் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். முத்தாயி குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "பொட்டு வச்சதுக்கே மூச்சடைச்சுப் போச்சே அண்ணே, நீங்க ஒரு மாலையும் போட்டிருந்தா அது என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

மூன்று மனுவால் வந்த குழாயை ஒரு விரல் சந்தனத்தால் தொலைக்கப் பார்த்தவன் நான் என்பதை மட்டும், அதற்குப் பிறகு பேசிய எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.