துவைத்த புடவைத் துண்டு

இன்று படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில், எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் இரண்டு வயதுக் குழந்தையோடு அமர்ந்திருந்தாள். குழந்தையின் கையில் ஒரு பழைய புடவைத் துண்டு.

குழந்தை அதை முகர்ந்து பார்த்தது, கீழே போட்டது. முன்னால் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் முகர்ந்தது; மறுபடியும் போட்டது.

"இன்னாம்மா, உன் பொண்ணு பஸ்ஸையே குனிய வக்கிது" என்றார் நடத்துநர். எல்லோரும் சிரித்தோம்.

"எம்பொண்ணு இல்லண்ணே, அக்கா பொண்ணு. அக்கா செத்துப்பூட்டா. இது அவ புடவ. இத்த மூஞ்சில வச்சிக்கினாதான் தூங்கும். கருமாதிக்கு வூட்டுத் துணியெல்லாம் தொவைக்கணும்னாங்க. நாந்தான் இதையும் சவுக்காரம் போட்டுத் தொவச்சேன். அதுலேர்ந்து தூக்கமே இல்ல. கையில வச்சிக்கினே அதத் தேடுது."

நடத்துநர் பின்பக்கம் போய்விட்டார்.

"தூங்க மருந்து குடுப்பாங்களான்னு டாக்டராண்ட போறோம்மா" என்றாள் என்னிடம்.

அடுத்த முறை துணியை எடுத்துக் கொடுத்தது நான்தான். சுத்தமாகத் துவைத்திருந்தாள். சவுக்காரத்தைத் தவிர வேறு வாசனையே இல்லை.

என்னோடு வேதியியல் படித்து இந்தக் குழுவில் இருப்பவர்களே, எந்தக் கறையைக் கேட்டாலும் அதைப் போக்க வழி சொல்வீர்கள். போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர வழி தெரிந்தால் எழுதுங்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்தக் குழந்தை இன்றிரவு தூங்க வேண்டும்.