அண்டாவுக்கு நான் சொன்ன சாட்சி

ஒரு தேர்தலுக்கு முன்னால், கேமராவின் எதிரே உட்கார்ந்து, என் பக்கத்து வீட்டுக்காரரை நான் காட்டிக்கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பணம் தரவில்லை. உட்காருங்கள் என்று ஒரு நாற்காலி போட்டார்கள்... அவ்வளவுதான்!

நீங்கள் என்னைப் பார்த்திருந்தாலும் நினைவில் வைத்திருக்க மாட்டீர்கள். டெல்லியில் ஓர் அலுவலக கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவன் நான். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி செல்வி லக்ஷ்மிபாய் நகரில் வீட்டுவேலை செய்கிறாள். அங்குள்ள தமிழ் வீடுகளிலிருந்து பழைய வாரப் பத்திரிகைகளைக் கொண்டுவருவாள். அவற்றைப் படித்துப் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுத வந்தது. எழுத வரும், பேச வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் என் நாக்கு மடங்கிக்கொள்ளும்.

நாங்கள் இருந்தது சாக்கடை நாலாவை ஒட்டிய ஜுக்கிக் குடிசைகளில். பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் உத்தரப் பிரதேசமும் பீகாரும். எனக்கும் ரஃபீக் பாய்க்கும் நடுவில் ஒரே சுவர். கல்யாண வீடுகளுக்குச் சமைப்பதும் பாத்திரங்களை வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். அவரிடம் ஒரு பெரிய செம்பு அண்டா இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். தைப் பொங்கலன்று எங்கள் மாரியம்மன் கோயிலில் எல்லாருக்குமாகச் சர்க்கரைப் பொங்கல் வைப்பது அந்த அண்டாவில்தான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். மார்கழிக் கடைசியில் பாய் அண்டாவை ஈயம் பூசக் கொடுப்பார். நானும் அவரும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோவோம். நெருப்பில் காய்ச்சி, பழையதை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். உள்ளே குனிந்தால் முகம் தெரியும். வெளிப்புறத்தை நான் புளி போட்டுத் தேய்ப்பேன். புது ஈயத்தின் மேல் முதலில் வேகிறது அம்மனுடைய பொங்கல். அதற்குப் பிறகுதான் அவர் வேறு எதையும் அதில் சமைப்பார். யாரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை, அவராகவே வைத்துக்கொண்ட முறை. கூடப் போய்க் கண்ணால் பார்த்தவன் எங்கள் ஆட்களில் நான் ஒருவன்தான்... ஆம், நான் ஒருவன் மட்டுமே!

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குடிசைக் கேம்ப்பை அகற்றப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தேர்தலும் கூடவே வந்தது. ரஃபீக் பாயும் எங்கள் கோயில் கமிட்டிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். எல்லாருக்கும் மாற்று வீடு, அதுவும் பக்கத்திலேயே, என்று எழுதித் தருகிற வரை எந்தக் கட்சிக்காரரையும் சந்துக்குள் விடுவதில்லை. பெண்கள் சந்து முனையில் காலி பக்கெட்டுகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். கொடி கட்டிய ஆட்டோக்கள் வந்த வழியே திரும்பின. வேட்பாளர் ஒருவரின் மாலையை செல்வி பக்கெட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"வூட்டுக் காயிதத்தைக் கொண்டாங்க சார், மாலையத் திருப்பித் தரேன்."

சந்தே சிரித்தது. வேட்பாளர்கூடச் சிரித்தார். ஆனால் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

எங்கள் கையில் இருந்தது அந்த ஒற்றுமை ஒன்றுதான். அது இருந்தவரை எங்கள் வீடுகளைப் பற்றி யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அதை உடைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பொய் சொல்ல மாட்டான் என்று ஊரே நம்புகிற ஆள்... வாயே திறக்காதவன் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்!

என்னைத் தேடி வந்தவர் திவாகர். துவாரகாவில் சொசைட்டி ஃப்ளாட்டில் இருக்கிற தமிழர். பெரிய கம்பெனியில் வேலை, விடுமுறை நாட்களில் கட்சி. எங்களோடு பேச அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் கேன்டீனுக்கே வந்தார். என் கை முழுக்க நுரை. அண்டாவைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. நீங்க நின்னா நானும் நிப்பேன்."

அத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. உட்கார்ந்தேன். நான் விழுந்தது அங்கேதான்... விழுகிறோம் என்று தெரியாமல் நிமிர்ந்து வேறு உட்கார்ந்தேன்!

பேச்செல்லாம் வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றார். உங்கள் கோயிலின் சுத்தத்துக்காகத்தான் கேட்கிறேன் என்றார். போனை உயர்த்திப் பிடித்தார். அண்டா யாருடையது? ரஃபீக் பாயுடையது. கல்யாணங்களுக்கு அதில் என்ன செய்வார்? பிரியாணி. என்ன கறி? எருமைக் கறியும் உண்டு.

"அதே அண்டாவுலதான் அம்மனுக்கும் பொங்கல் வைக்கிறீங்க?"

"ஆமா."

போனைத் தாழ்த்திவிட்டார்.

ஈயம் பூசுவதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் நிறுத்திவிட்டார்... இப்படித்தான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயெடுத்தேனா? உங்களிடம் எதற்கு மறைக்க... இல்லை! என் தலை வாரியிருக்கிறதா என்றுதான் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று காலையில் அந்த வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. நான் எருமை என்று சொன்ன வார்த்தையை வெட்டிவிட்டு, அங்கே ஒரு பசுவின் படத்தை ஒட்டியிருந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒருவரிடமாவது சொன்னேனா? கேட்டவர்களிடம் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கோயில் வாசலில் இருந்த அண்டாவை இளவட்டங்கள் சந்தில் உருட்டிவிட்டார்கள். அது கல்லில் மோதி மோதிப் போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ரஃபீக் பாய் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளுவண்டியில் ஏற்றப் பார்த்தார். தனியாக முடியவில்லை. வழக்கமாக மறுபக்கம் பிடிக்கிறவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் மகள் ஓடிவந்து பிடித்தாள்.

அதோடு சந்து முனையில் பக்கெட்டுகள் காணாமல் போயின. இனி பாயின் ஆட்களோடு சேர்ந்து உட்கார முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. செல்வி மாலையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிய அந்த வேட்பாளர், திவாகரின் கட்சிக்காரர், இரண்டே நாளில் மேளதாளத்தோடு வந்தார். கோயிலுக்குப் புது ஸ்டீல் அண்டா கொடுத்தார், அவர் பெயர் பொறித்தது. செல்வி கூட்டத்தில் நின்று வீட்டுக் காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கமிட்டித் தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சாமி விஷயம் பேசிக்கினு இருக்கோம். இப்ப அதா முக்கியம்?"

அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் குழாயடியில் ரஃபீக் பாய் என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழில் தெரிந்தது அண்ணா என்ற ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் இந்தியில் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, கலாய் பூசுறதைச் சொல்ல மறந்துட்டீங்களா?"

கலாய் என்றால் ஈயம். "மறந்துட்டேன் பாய்" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் வாயால் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அவர் தலையசைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நம்பினாரா? நம்புவதுபோல் எனக்காக நடித்தாரா? இரண்டில் எது என்னை அதிகம் சுடும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை...

அந்த வேட்பாளர் ஜெயித்தார். திவாகர் லட்டு டப்பாவோடு வந்து எனக்குத் தன் கையாலேயே ஊட்டினார்.

"ஒரு மாசமா இந்தச் சந்துக்குள்ள எங்களால கால் வைக்க முடியலண்ணே. நீங்க ஒரே நிமிஷத்துல தொறந்து விட்டுட்டீங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கோயிலின் சுத்தத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. எங்கள் வாயிலிருந்து வீடு என்ற கேள்வியைப் பிடுங்க வேண்டியிருந்தது, அந்த இடத்தில் வைக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. லட்டு வாயில் இருந்தது. துப்பவில்லை... மென்று விழுங்கினேன்!

வெயில் ஏறத் தொடங்கியதும் கணக்கெடுக்க வந்தார்கள். யாருக்கு மாற்று வீடு, யாருக்கு இல்லை என்று ஒரு மேஜை போட்டுக் காகிதங்களைப் பார்த்தார்கள். ரஃபீக் பாய் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். நடுவில் ஒரு வருடத்து வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. அந்த வருடமும் இங்கேதான் இருந்தார் என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. பீகார்க்காரர் ஒருவர் போட்டார். இன்னொரு ஆள் வேண்டும்.

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீடு நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் கமிட்டி ஆட்கள் நின்றார்கள். அவர்கள் என் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் குனிந்து என் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏற்கெனவே அடுக்கி வைத்த காகிதங்கள். அதிகாரி இரண்டாம் முறை கேட்டார். புரட்டிக்கொண்டே இருந்தேன்.

ரஃபீக் பாய்தான் பேசினார்.

"அவரை விடுங்க சாப். கூச்சப்படுற ஆளு. நாலு பேர் நடுவுல பேச வராது."

சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்தது நான். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம், சாப்."

கணீரென்று சொன்னேன். எனக்குக் குரல் வந்தது!

கூச்சம் என்று அவர் சொன்னார். நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள்.

புல்டோசர் வந்த அன்று ரஃபீக் பாயும் நானும் இருந்த வீடுகள் ஒன்றாகத்தான் விழுந்தன. எங்களுக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில், நான்காவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. கேன்டீனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். செல்விக்குப் பழைய வேலைகள் போய்விட்டன. வந்த புதிதில் அவள் ஒருநாள் கேட்டாள், பாய் வீடு எந்த பிளாக்கில் இருக்கிறது என்று. பட்டியலில் இல்லையாம் என்றேன். இத்தனை வருஷம் இருந்தவர் பெயர் எப்படி இல்லாமல் போகும் என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவர் யமுனைக்கு அந்தப் பக்கம் எங்கோ வாடகைக்கு இருப்பதாகக் கேள்வி. போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

இந்தப் பக்கத்திலும் ஏதோ தேர்தல் வருகிறதாம். திவாகர் நேற்று போன் செய்தார். எங்கள் பிளாக்குக்குக் கீழே கறிக்கடை போட்டிருக்கிற ஒருவரைப் பற்றிக் கேட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மாடியேற முடியாத ஒரு கிழவிக்கு அவர்தான் தினமும் தண்ணீர் கேனைத் தூக்கிக் கொடுக்கிறார். அதையும் வீடியோவில் சொல்லலாமா என்று திவாகரிடம் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். இன்று வெள்ளி. முடியாது என்று நான் இன்னும் சொல்லவில்லை.