எறும்பு தொடாத மிட்டாய்

என் மனைவியின் குரல் கேட்டு வகுப்பில் நடுங்கிய பிள்ளைகள் இன்று மதுரையில் வங்கி மேலாளர்களாகவும் வக்கீல்களாகவும் இருக்கிறார்கள். அவள் நடுங்குவது ஊசிக்கு மட்டும். எப்போதாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே என் மணிக்கட்டை நெரித்துவிடுவாள். தினமும் ஊசி என்றால் எனக்குக் கை மிஞ்சாது.

ஆகையால் டாக்டர், "ஈஸ்டர் முடிஞ்சதும் ரத்தம் பாப்போம் டீச்சர். அப்பவும் சுகர் இறங்கலைன்னா இன்சுலின்தான்" என்று சொன்னபிறகு, ஆட்டோ வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. வைகைப் பாலத்தில் வண்டி மாட்டிக்கொண்டு நின்றபோதுகூட யாரையும் குறை சொல்லவில்லை. விஷயம் எவ்வளவு தீவிரம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எதிரி அல்வா அல்ல, மைசூர்பாகும் அல்ல. ஜெல்லி மிட்டாய். சிவப்பும் பச்சையுமாக, மேலே சீனி தூவி, பல்லில் ஒட்டிக்கொண்டு வருமே, அது. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் சீரியலை விடுவார்கள். அவள் இனிப்பை விடுவாள். சாம்பல் புதனன்று விட்டால் காப்பிக்குக்கூடச் சீனி கிடையாது. ஆனால் ஈஸ்டரன்று, நாற்பது நாள் நிலுவையை ஒரே பகலில் வசூலித்துவிடுவாள். டாக்டர் குறித்த தேதியோ ஈஸ்டருக்கு அடுத்த வாரம்.

நான் அரசுக் கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு செலவைத் தடை செய்தால் ஆட்கள் அதையே வேறு தலைப்பில் எழுதுவார்கள் என்பது அங்கே கற்ற முதல் பாடம். எனவே தடை வேண்டாம், மாற்று ஏற்பாடு போதும் என்று முடிவு செய்தேன். சீனி இல்லாத ஜெல்லி மிட்டாயை வீட்டிலேயே செய்து, ஈஸ்டரன்று தயாராக வைத்திருப்பது. நடைமுறையில் ஒரே ஒரு சிக்கல். யாருக்காகச் செய்கிறேனோ அவள் அதுவரை ருசி பார்க்கமாட்டாள்.

"இதுலதான் சீனியே இல்லியே" என்றேன்.

"இனிக்குமா, இனிக்காதா?"

"இனிக்கும்."

"அப்ப இனிப்புதான். ஆண்டவர்கிட்ட பாக்கெட்டை வாசிச்சுக் காட்டச் சொல்றீங்களாக்கும்?"

ஜெலட்டின் தூள், சீனிக்குப் பதில் சீனித்துளசித் தூள், டின்னில் வரும் அன்னாசிச் சாறு என்று செய்முறையில் இருந்தது. டின் சாற்றைவிடப் புதுப் பழம் மேல் என்று சொந்த அதிகாரத்தில் திருத்தம் செய்தேன். இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தும் அது ரசமாகவே இருந்தது. வேகவைக்காத அன்னாசி ஜெலட்டினை உறையவிடாது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்க விதியை மீறியவர்களைப் பிடித்தவன், முதல் தடவை மீறியதற்கு இது கொஞ்சம் அதிகப்படியான தண்டனை.

அடுத்த முறை எலுமிச்சையும், நன்னாரி வேர் கொதிக்கவைத்த தண்ணீரும். உறைந்தது. தரையில் போட்டால் துள்ளியது. வேறு நாக்குகளின் கருத்தை அறிய அந்த வெள்ளிக்கிழமையே வாய்ப்பு வந்தது. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். செபம் முடிந்து சுக்குக் காப்பியோடு நான் தட்டையும் நீட்டினேன்.

கடைசி வீட்டு நர்சம்மா மூன்றாவதை மென்றபடியே கேட்டார்.

"என்னா சார் போட்டீக? நல்லா இழுவுதே."

"ஜெலட்டின்."

மென்ற வாய் நின்றது. "மாத்திரைக் கூடு செய்வாகளே, அதா?"

"அதேதான்."

"அது மாட்டு எலும்புல்ல சார்! இன்னைக்குச் சுத்தபோசனமாச்சே!"

இறைச்சி தொடக்கூடாத வெள்ளிக்கிழமையில் தெருவே என் வீட்டில் உட்கார்ந்து மாடு தின்றிருக்கிறது. இரண்டு பேர் வாய் கொப்பளிக்கப் போனார்கள். திருச்சபைச் சட்டம் விலக்குவது இறைச்சியை. எலும்பில் இருந்து எடுத்த பசை அதில் அடங்காது என்று நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கம் சரியானதுதான். சரியான விளக்கத்தை யாரும் கேட்பதில்லை. நர்சம்மா பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தெரியாமச் சாப்பிட்டது பாவமில்லம்மா" என்றார் சாமியார். "எம்புட்டு சாப்பிட்டீங்க?"

"மூணு, சாமி."

"தவக்காலத்துல மூணா?"

நர்சம்மா போனை அணைத்துவிட்டார்.

எல்லாரும் போனபிறகு மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இனி எலும்பு வேணாம். ஜிகர்தண்டாவுல கடல்பாசி போடுறாகள்ல, அதுல செய்ங்க." நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

கடல்பாசி உடனே உறைந்தது. ஆனால் கடித்தால் தேங்காய்ச் சில்லு மாதிரி உடைந்தது. இழுவை வேண்டும் என்பதற்காக வற்றல் போடும் துணியில் பரப்பி மாடியில் வெயிலில் வைத்தேன். பங்குனி வெயிலில் மேலே தோல் கட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி ஒன்று வேண்டுமே. கடை ஜெல்லி மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி என் மேசை டிராயரில் வைத்தேன். என்னுடையதில் ஒன்று, கடையுடையதில் ஒன்று என்று மாற்றி மாற்றி மெல்லுவது முறை. மாதிரி தீர்ந்தால் புதிது வாங்குவதும் முறைதான். சில நாட்களில் என்னுடையது காயாத நிலையில், மாதிரியை மட்டும் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அலங்காநல்லூர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன வத்தல்ணே இது, கலர் கலரா?"

"மிட்டாய்."

"மிட்டாயா? ஒரு எறும்பைக்கூடக் காணோமே!"

கடை மிட்டாய் ஒன்றை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு மட்டும் வரிசை கட்டி வந்தன.

"ஒண்ணு மட்டும் ஒங்களுது பக்கம் வந்துச்சுண்ணே. மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. அதுக்கும் வாய் இருக்குல்ல."

சீனி இல்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைக்காது. திருப்தியோடு இறங்கி வந்தேன்.

ஈஸ்டர் காலை, பூசை முடிந்து வந்ததும் தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து நெடுநேரம் மென்றாள். நான் பரீட்சைத் தாளைக் கொடுத்த மாணவன்போல நின்றுகொண்டிருந்தேன்.

"ஓரம் நல்லா இழுவுது. நடுவுல தேங்கா. முழுங்குனப்புறம் லேசா வேப்பங்கொழுந்து." இன்னொன்றை எடுத்தாள். "நாப்பது மார்க். பாஸ்."

தட்டு காலியானது. கடை மிட்டாயைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் காலையில் அவள் ரத்தம் கொடுத்தாள். என் மணிக்கட்டு வழக்கம்போல் நெரிந்தது. முடிவு வரும்வரை அங்கேயே காத்திருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊசி வேணாம் டீச்சர். நல்லா இறங்கியிருக்கு."

அவள் உடனே என் தவத்தை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். அன்னாசி, மாட்டு எலும்பு, மாடி, எறும்பு. டாக்டர் ரசித்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார் கடைசியா எப்பச் சுகர் பாத்தீங்க?"

"வெறும் வயித்துல பாக்குறதுதானே முறை" என்றேன்.

"இவுகளும் வெறும் வயிறுதான் டாக்டர்" என்றாள் மனைவி. "எனக்காக இன்னும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

டிராயரில் மிச்சமிருந்த மாதிரியை அன்று விடிந்ததும் பரிசோதித்து முடித்திருந்தேன். அதை எந்தக் கட்டத்தில், எந்த வாசகத்தில் தெரிவிப்பது என்று யோசிப்பதற்குள் லேப் பெண் என் கையில் ரப்பரைக் கட்டிவிட்டாள். மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தன் மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள்.

"புடிச்சுக்கங்க" என்றாள்.