கடைசி பஸ்ஸுக்கு முன் ஓர் ஆட்டம்

அப்பாவும் மாமாவும் செஸ் ஆட உட்கார்ந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் அப்பாவை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் அம்மாவின் தம்பியான அந்த மாமாதான். தோற்ற நாட்களில் அப்பா கையில் கிடைத்ததை விட்டெறிவார். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் நசுங்காதது ஒன்றுகூடக் கிடையாது. சில நாட்களில் அம்மாவின் கையும் வீங்கியிருக்கும். கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். அப்பா ஜெயித்துவிட்டாலோ தொல்லை வேறு மாதிரி. இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம் என்று எதிராளியை எழவே விடமாட்டார்.

அன்று எங்களை வெள்ளிமலைக்கு அழைத்துப்போக மாமா வந்திருந்தார். அங்கே ஒரு பள்ளி விடுதியில் அவருக்கு வேலை. கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவோம் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அப்பாவும் தலையாட்டினார். ஆனால், "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ மச்சான்" என்று பலகையை விரித்துவிட்டார். மலைக்குக் கடைசி பஸ் சாயங்காலம்.

நடுவில் தண்ணீர் குடிக்க மாமா அடுப்படிக்கு வந்தார். அம்மா கிசுகிசுத்தாள்.

"நீ ஜெயிச்சாலும் வுடமாட்டாரு, தோத்தாலும் வுடமாட்டாரு. பஸ்ஸு பூடும்டா."

"டிரா பண்ணிட்றேங்கா. நீ பைய எடுத்துக்கினு வாசல்ல நில்லு."

டிரா ஆனால் அப்பா எதை எறிவார் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் அதிக பயமாக இருந்தது.

மாமாவின் காய்கள் ஒவ்வொன்றாகப் போயின. அப்பாவின் சிரிப்புச் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அப்போது மாமா ராணியை நகர்த்தி செக் வைத்தார். அப்பாவின் ராஜா பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. மறுபடி செக். ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பியது. மறுபடியும் அதே செக்.

"இன்னா மச்சான், செக் வச்சிக்கினே இருப்பியா?"

"எனக்கு வேற வழி இல்லீங்க மாமா. இப்படியே மாத்தி மாத்திப் போனா டிராதான்."

அப்பாவின் கை பலகையின் ஓரத்தைப் பிடித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால், அப்பா காய்களைப் பழைய இடங்களில் திருப்பி வைத்து, ஜெயிக்க வேண்டிய ஆட்டம் எங்கே கைநழுவியது என்று தேடிக்கொண்டிருந்தார். "போய்ட்டு வர்றோங்க" என்று அம்மா சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

பஸ் மலை ஏறும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. வலித்தது. பசிக்கிறதே என்று முறுக்குக்காகப் பையைத் துழாவினேன். முறுக்கு இல்லை. என் பள்ளிச் சீருடை எல்லாமும், பாடப்புத்தகங்களும் இருந்தன. அவசரத்தில் அம்மா தெரியாமல் எடுத்து வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் எல்லாம் கசங்கிவிடுமே, திங்கட்கிழமை டீச்சர் திட்டுவாரே என்று வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்.