பின்னறைக்குப் பூட்டு

எங்கள் வீட்டுக்காரர் வந்தால் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். தேங்காய் பொறுக்குகிறவர் மாதிரி விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, "கெட்டி! சுவர் இருந்தாத்தானே சித்திரம்" என்பார். மாடியில் குடியிருக்கும் நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர், ஜன்னலில் பெயின்ட் உரிந்ததென்று கேள்விப்பட்டுப் பதறி ஓடி வந்தார். வழியில் வளைந்த ஆணி கிடந்தாலும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பை எப்போதும் கிழிந்தேதான் இருக்கும்.

இந்தக் கரிசனமெல்லாம் முன்வீட்டுக்கு மட்டும்தான். பின்பக்கம் தனியாக ஓர் அறை இருக்கிறது. அதன் சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல வெளியே தள்ளி நிற்கிறது. கூரையை ஒற்றைக் கட்டை முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா பகல் முழுக்க அதற்குள்தான் மெஷின் மிதிக்கிறார். 'தனி ரூம்' என்று அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. பயமாக இருக்கிறது என்று அவர் வாயெடுத்தால், "அட போம்மா! எங்கப்பா கட்டினது. நீயும் நானும் போனப்புறமும் நிக்கும்" என்று வீட்டுக்காரர் அடக்கிவிடுவார். ஒரு கல் எடுத்து வைக்க மனசு வருமா, அந்தப் பாவி மனிதருக்கு!

வீட்டை இன்சூர் செய்யக் கிளம்பியபோதுதான் அவருடைய சாமர்த்தியம் முழுதாகத் தெரிந்தது. இடிகிற நிலையில் இருக்கும் அறையில் ஆள் புழங்கினால் கம்பெனி அந்த வீட்டையே ஏற்காதாம். செப்பனிட்டிருக்கலாம், இடித்துத் தள்ளியிருக்கலாம். அவரோ ஒரு பூட்டு வாங்கி வந்தார். "கொஞ்ச நேரம்தாம்மா, ஒத்தாசை பண்ணு" என்று கெஞ்சி, தையல் மெஷினை வெளியே தூக்கி வைத்துக் கதவைப் பூட்டினார். பார்வையிட வந்த கம்பெனி ஆளிடம், "சும்மா பூட்டியே கிடக்குது சார். ஒரு எலிகூட உள்ள போகாது" என்றார் கூசாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடதடவென்று படியிறங்கி, "இந்தம்மா தினமும் அதுக்குள்ளதான் சார் உக்காந்து தைக்கிறாங்க!" என்று கத்தியேவிட்டேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "மாடி வீட்டம்மாவுக்கு எம்மேல கோவம் சார். வாடகையை ஏத்திட்டேன்ல."

கம்பெனி ஆள் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காலி பண்ணு என்று ஒரு வார்த்தை வந்தால் பிள்ளைகளோடு எங்கே போவார்?

"எதுக்கும் திறங்க, பாத்துடறேன்" என்றார் வந்தவர். வீட்டுக்காரர் வேண்டாவெறுப்பாகப் பூட்டைத் திறந்தார். அந்த ஆள் குனிந்து உள்ளே ஓர் அடி வைத்ததுதான் தாமதம், "ஐயோ, போகாதீங்க சார்! மேல விழுந்து தொலைக்கும்!" என்று வீட்டுக்காரர் பாய்ந்து, அவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்தார்.

தையல்காரம்மா தலை நிமிர்ந்தார். "அப்ப நான்?"

வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கம்பெனி ஆளின் தோளில் ஒட்டியிருந்த காரைத் தூளை, தன் சட்டை நுனியால், மெல்ல மெல்லத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.